பின் சீட்டுக் கைகாட்டி

ஏனுங்க தம்பி, அந்தக் கையைச் சித்த உள்ளே எடுத்துக்கறீங்களா? ஜன்னலுக்கு வெளியே தொங்குது பாருங்க. சும்மா சொல்லலைங்க. கையைப் பத்தி நம்மகிட்டக் கேளுங்க. இந்தக் கோயமுத்தூர்ல ஒரு கை என்னென்ன பண்ணும்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எலும்பு டாக்டருக்குக்கூடத் தெரியாது.

வடவள்ளிதானுங்களே? நானும் அங்கதான் எறங்கறேன். நல்லதாப் போச்சு, நாயம் பேசிட்டே போலாம். எனக்கு பஸ்ஸே பழக்கமில்லைங்க. ஆடி மாசம் வரைக்கும் நான் ஸ்கூட்டர்ல போன ஆளு. ஓட்டறது நானில்லை, என்ற சம்சாரம் கலாமணி. ஆர்.எஸ்.புரத்துல ஜாக்கெட் தைக்கிற கடை வெச்சிருக்கா. என்னை ஒப்பணக்காரத் தெருவுல ஜவுளிக்கடையில எறக்கி உட்டுட்டு அப்பறம் அவ கடைக்குப் போவா. சேலை செக்சன்ல வெள்ளிங்கிரின்னு கேட்டா யார் வேணா சொல்லுவாங்க.

அப்படின்னா நீங்க பின்னாடி சும்மா உக்காந்து போற ஆளான்னு கேப்பீங்க. சும்மாவா? தம்பி, நல்லாக் கேட்டீங்க போங்க. வண்டியை அவ ஓட்டினாங்க. ரோட்டை நான் ஓட்டினேன்.

அது எப்படின்னா, நாங்க மொதல்ல வெச்சிருந்த ஸ்கூட்டர் பழைய வண்டிங்க. வாங்கினப்பவே அதுல இண்டிகேட்டர் எரியாது. கலாமணி சொன்னா, "ஏனுங்க, மெக்கானிக்கிட்ட ஒருவாட்டி காட்டிரலாமுங்க"ன்னு. நான் கேட்டேன், "உனக்கு நான் ஒருத்தன் பின்னாடி குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப இண்டிகேட்டர் எதுக்கு?" அன்னைக்கு நீட்டின கைதானுங்க. அதுக்கப்பறம் எத்தனை வருசமோ, மடக்கவே இல்லை.

கை காட்டறதை என்னமோ லேசுன்னு நெனைக்கறாங்க. அதுல எத்தனை தினுசு இருக்குது தெரியுங்களா? சும்மா உள்ளங்கையை மட்டும் காட்டினா, 'அப்பா, நில்லப்பா'. வெரலை விரிச்சுக் காட்டினா, 'ஏய், நில்லு'. கையைக் கீழே தொங்க உட்டு ஆத்துல நீச்சலடிக்கறாப்பல அசைச்சா, 'நான் அப்படியே குறுக்கே போறேன், நீ பாத்து வந்துக்க'. இதெல்லாம் நானாக் கண்டுபுடிச்சது. ஒருவாட்டி பூ மார்க்கெட்டுக்கிட்ட டவுன் பஸ்ஸுக்கு நேரா கையை நீட்டினேன் பாருங்க, பஸ்ஸு 'கிரீச்'னு நின்னுருச்சு. கண்டக்டரு எட்டிப் பாத்து, "ஏறுங்க, ஏறுங்க"ங்கறான். "நாங்க ஏறலைங்க, திரும்பறோம்"னேன். அவன் வாயில வந்ததைச் சொல்றதுக்குள்ளே எங்கிருந்தோ மூணு பொம்பளைங்க பூக்கூடையோட ஓடி வந்து ஏறிட்டாங்க. அதுல ஒருத்தி என்னைப் பாத்து, "மவராசனா இருப்பே சாமி"ன்னா. இண்டிகேட்டரைப் பாத்து யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?

ஒருவழிப் பாதையெல்லாம் நமக்கு ஒரு விசயமே இல்லைங்க. ரொம்ப தூரம் போயி திரும்பி வரணும்னு போர்டு போட்டிருப்பான். கலாமணி அங்கிட்டுப் போயே திரும்பலாம்பா. "பெட்ரோல் என்ன பவானி ஆத்துலயா ஓடுது? நீ உடு வண்டியை, நான் கையைக் காட்டிக்கறேன்"ம்பேன். எதுக்க வர்றவனெல்லாம் திட்டிட்டேதான் ஒதுங்குவான், ஆனா ஒதுங்குவான். கை காட்டிட்டா ராங் சைடும் ரைட் சைடுதானுங்க. நம்மாளுங்களுக்குத்தான் ரோட்டுல ஒழுக்கமே கிடையாது. எவனும் ரூல்ஸை மதிக்கறதில்லை. உங்களுக்குத் தெரியாததா?

ஹெல்மெட்டா? ஓ, ரெண்டு பேருக்கும் இருக்குதுங்க. அவ தலையில போட்டுக்குவா. நான் எடது கை முட்டியில மாட்டிக்குவேன். பின்னே? தலையில கவுத்துக்கிட்டா மூஞ்சி தெரியாதுங்களே. மூஞ்சி தெரியாத கைக்கு எவன் நிப்பான்?

இப்படி ராஜாவாட்டப் போயிட்டிருந்தப்பதான் அவ புது வண்டி எடுத்தா. சித்திரையில எடுத்தா. நல்ல வண்டிதாங்க, குத்தம் சொல்ல முடியாது. ஆனா அதுல இண்டிகேட்டர் எரியுது! எரியறதோட உட்டாலும் பரவாயில்லை, 'டிக் டிக், டிக் டிக்'னு சத்தம் வேற. மொத நாளு நான் பழக்கதோசத்துல கையை நீட்டினேன். அவ கண்ணாடியில பாத்துட்டு, "ஏனுங்க, கையை எடுங்க. அதுதான் இண்டிகேட்டர் போட்டிருக்கறனே"ன்னா. தம்பி, அந்த 'டிக் டிக்' என் காதுல எப்படிக் கேட்டுச்சு தெரியுங்களா? கடையில புது ஆளைச் சேத்துட்டு, 'வெள்ளிங்கிரி, நீங்க நாளையிலிருந்து வர வேண்டாம்'னு மொதலாளி சொன்னாப்பல இருந்துச்சு.

நான் உடுவேனா? அது பாட்டுக்கு டிக் டிக் அடிக்கட்டும், நான் பாட்டுக்கு கை காட்டறேன்னு காட்டிட்டுத்தான் வந்தேன். ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானுங்களே? அவளும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு உட்டுட்டா.

இங்கதான் ஆடி மாசம் வருது. கதையே இதுதான், கவனிச்சுக் கேளுங்க.

ஆடித் தள்ளுபடின்னா ஜவுளிக்கடையில வேலை செய்யறவனுக்கு மூச்சு உட நேரம் இருக்காது. வருசா வருசம் என்னைச் சேலை செக்சன்ல இருந்து எடுத்து வாசல்ல நிறுத்திருவாங்க. எதுக்கு? கூப்பிடறதுக்கு. "வெள்ளிங்கிரி கையைக் காட்டினா காக்காகூட கடைக்குள்ளே வந்து ரெண்டு சேலை எடுத்துட்டுப் போகும்"பாரு எங்க மொதலாளி. வலது கையை இப்படி வெளியே நீட்டி, அப்படியே ஒரு சுத்துச் சுத்தி உள்ளே தள்ளணும். 'வாங்க வாங்க, உள்ளே வாங்க!' காலையில கடை தெறந்ததுல இருந்து பொழுது சாஞ்சு ஷட்டர் எறக்கற வரைக்கும் இதேதான். வாய் வலிச்சா நிறுத்திக்குவேன், கை நிக்காது. ஊட்டுக்கு வந்து சோறு உண்ணறப்பகூட ரசத்தைப் பாத்து 'வாங்க வாங்க'ன்னுச்சுங்க என்ற கை.

ஆடிக் கடைசி ஞாயித்துக்கெழமை. பொழுது சாஞ்சு கடை அடைச்சுட்டு ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்துட்டிருக்கோம். லாலி ரோட்டுக்கு முன்னாடி எடது பக்கம் ஒரு சந்து வரும். அங்க ஒரு அம்மாவுக்கு ஜாக்கெட் குடுக்கணும்னு கலாமணி இண்டிகேட்டரைப் போட்டுட்டு மெதுவாத் திரும்பறா. எனக்கு எடது கையில ஹெல்மெட்டு. அப்ப எந்தக் கையைக் காட்டறது? வலது கைதான். வலது கையால எடது பக்கம் திரும்பறதை எப்படிக் காட்டறது? அதுக்கு ரூல்ஸ் இருக்குதுங்க, நீட்டிச் சுத்தணும். எங்க டிரைவர் சித்தப்பா சொல்லிக் குடுத்தது. நானும் நீட்டினேன். சுத்தினேன்.

சுத்தினது ரோட்டு ரூல்ஸ்படி சுத்தினேனா, கடை வாசல்ல சுத்தற மாதிரி சுத்தினேனான்னு கேட்டீங்கன்னா, எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. கைக்குத்தான் தெரியும்.

பின்னாடி ஒரு மொபெட்டு. ஓட்டறவன் ஆறுச்சாமின்னு ஒருத்தன், எளநி யாவாரி. வண்டிக்கு ரெண்டு பக்கமும் கொலை கொலையா எளநி தொங்குது. முன்னாடி கால் வெக்கற எடத்துல ஒரு கொலை. பாதி ரோட்டை அவனே அடைச்சிருக்கான். என்ற கையைப் பாத்தான். நாங்க திரும்பற எடது பக்கமே உள்ளே பூந்தான். 'டமார்'னு ஒரு சத்தம்.

வண்டி சாஞ்சுருச்சு. கலாமணி விழுந்துட்டா. நான் எப்படியோ ரெண்டு காலையும் ஊணி நின்னுட்டேன். எளநி உருளுது பாருங்க தம்பி, ஐயோ, அந்தக் காட்சியை நீங்க பாத்திருக்கணும்! ரோடு பூரா எளநி. ஒண்ணு ஆட்டோவுக்கு அடியில போகுது, ஒண்ணு ஒரு நாயைத் தொரத்துது, ஒண்ணு நேராப் போயி பேக்கரி வாசல்ல நின்னு டீ கேக்கறாப்பல நிக்குது. பின்னாடி தண்ணி லாரி வருது, பஸ்ஸு வருது, ஊர்ப்பட்ட வண்டி வருது. நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? ஹெல்மெட்டைக் கீழே போட்டுட்டு ரெண்டு கையையும் ஒசக்கத் தூக்கினேன். அவ்வளவுதான். லாரி நின்னுச்சு, பஸ்ஸு நின்னுச்சு, எல்லாம் நின்னுச்சு. ஒரு எளநி மேலகூட டயர் ஏறலைங்க! என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு கையை நான் காட்டினதில்லை. ரெண்டு பேரு போன்ல படம் புடிச்சாங்க. ஓடி வந்த டிராஃபிக் போலீஸ்காரரு, "யோவ், யாருய்யா நீ, எனக்கு மேல?"ங்கறாரு.

நான் திரும்பிப் பாக்கறேன். கலாமணியை ஆறுச்சாமி தூக்கி உட்டு, பேக்கரி படியில உக்கார வெச்சு, ஒரு எளநியைச் சீவிக் குடுத்துட்டிருக்கான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏம்ப்பா, இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிக்குதே, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது?"ன்னு கேட்டேன். அவன் என்ன சொன்னான்கறீங்க? "ஏனுங்ணா, இண்டிகேட்டரை எவன் நம்புவான்? காந்திபுரத்துல போட்டவன் சூலூரு வரைக்கும் எரிய உட்டுட்டே போறான். மனுசன் கை பொய் சொல்லாதுன்னு நம்பி வந்தனுங்க. நீங்கதானே வா வான்னு அத்தனை ஆசையாக் கூப்பிட்டீங்க!"

சுத்தி நின்ன கூட்டம் சிரிச்சுச்சு. போலீஸ்காரரும் சிரிச்சாரு. ஆளுக்கொரு எளநி குடிச்சிட்டுச் சிரிச்சாங்க. சரி போகுதுன்னு பாத்தா, கலாமணி மட்டும் சிரிக்கலை. முழங்கை செராய்ச்சு ரத்தம், காலு வீங்கியிருக்குது. அவ ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில வெச்சுப் பாத்துட்டிருந்தா. காதுக்கு மேல நீளமா ஒரு கீறல் உழுந்திருந்துச்சு. அது தலையில உழ வேண்டிய கீறலுங்க. அது வரைக்கும் எனக்கு அவ விழுந்ததே சரியா ஒறைக்கலைங்க. கை மேலேயே கவனமா இருந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து மருந்து போட்டுட்டு, நான்தான் பேச்சை எடுத்தேன். "நான் மட்டும் அன்னேரம் கை காட்டி நிறுத்தலைன்னா லாரி உன் மேலயே வந்திருக்கும், தெரியுமா?"ன்னேன். அவ திருப்பிக் கேட்டா.

"ஏனுங்க, ஊரையே நிறுத்தறதுக்கு உங்களுக்கு ரெண்டு கை இருந்துச்சு. விழுந்தவளைத் தூக்கறதுக்கு ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

தம்பி, நான் வாயாடி. கடையில பேசியே பட்டுச் சேலை வித்தவன். அன்னைக்கு மருந்து டப்பாவை மூடி வெச்சுட்டுப் போயிப் படுத்துட்டேனுங்க.

அடுத்த நாளையிலிருந்து அவ தனியாப் போறா. எனக்கு பஸ்ஸு. பின் சீட்டுல ஜாக்கெட் துணி மூட்டை உக்காந்து போகுது. எனக்கு அந்த மூட்டையைப் பாத்தா எரியுதுங்க. அது கை காட்டுமா?

சரி, எத்தனை நாளைக்குத்தான் மொறைச்சுட்டே இருக்கறதுன்னு நானே எறங்கிப் போனேன். "ஒரே ஒருவாட்டி ஏத்திட்டுப் போ, கையைத் தூக்கவே மாட்டேன்"னு மருதமலை முருகன் மேல சத்தியம் பண்ணினேன். பேரூர்க் கோயிலுக்குக் கெளம்பினோம். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு மேல உக்காந்துட்டேன். ஹெல்மெட்டு தலையில. ஒரு சிக்னல் தாண்டியாச்சு, கை அசையலை. ரெண்டு தாண்டியாச்சு. கலாமணி கண்ணாடியில பாத்து லேசாச் சிரிக்கக்கூடச் செஞ்சா. காந்தி பார்க் ரவுண்டானா வந்துச்சு. சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும். ஒரு பய வழி உட மாட்டேங்கறான். இண்டிகேட்டர் அனாதையாட்ட அழுதுட்டிருக்குது. எனக்குப் பொறுக்கலைங்க. சத்தியம் கைக்குத்தானே பண்ணினேன்? காலை நீட்டிட்டேன்.

சிரிக்காதீங்க தம்பி. ஆட்டோக்காரங்க நீட்டறதில்லையா? ஒரு பைக்குக்காரன் என்ற செருப்பைத் தட்டிட்டே போயிட்டான். கலாமணி கண்ணாடியில பாத்துட்டா. ஓரமா நிறுத்தினா. "எறங்குங்க"ன்னா. எறங்கினேன். ஒத்தைச் செருப்போட நான் நிக்கறேன், அவ பேரூருக்குப் போயி சாமி கும்பிட்டுட்டு வந்தா. திருநீறு மட்டும் கொண்டாந்து குடுத்தா.

அப்பறம் ஒரு நாளு, சோத்தைப் போட்டுட்டே சொல்றா. "ஏனுங்க, நாளைக்கு லீவு சொல்லுங்க. உங்களுக்கு வண்டி ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். எடுக்கறோம்." நான் வெளையாடறான்னு நெனைச்சேன். அம்பது தாண்டின மனுசனுக்கு எதுக்கு எல்.எல்.ஆர்.? சைக்கிள் தவிர எதையும் தொட்டதில்லை நானு. ஆனா கூட்டிட்டே போயிட்டா. கம்ப்யூட்டர்ல கேள்வி கேக்கறான். அதுல ஒரு படம் வந்துச்சு பாருங்க, ஒரு ஆளு வலது கையை நீட்டிச் சுத்தறான். இதுக்கு என்ன அர்த்தம்னு கேள்வி. எடது பக்கம் திரும்பறான்னு அமுக்கினேன். கரெக்ட்டுன்னு வந்துருச்சு! அந்த ஹாலே கேக்கற மாதிரி, "கலாமணி, பாத்தியா!"ன்னு கத்திட்டேன். வெளியே வந்ததும் அவ சொன்னா, "பாத்தனுங்க. இந்த ஊருல அது உங்களுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும்."

கோவை லொள்ளுங்க. பொறந்த ஊரு அப்படி.

இன்னைக்குத்தான் மொத நாளு. வடவள்ளி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல ஒரு காலி எடம் இருக்குது, அங்க வந்துருங்கன்னு சொல்லியிருக்கா. "நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்"னா. நான் கேட்டேன், "பின்னாடி உக்காந்தா நீ கை காட்டோணும், தெரியுமில்லை?" அவ கேக்கறா, "நான் எதுக்குங்க காட்டறேன்? ரெண்டு கையாலயும் உங்களைப் புடிச்சுக்குவேன். உங்களை மாதிரி எனக்கு ஊரு வேலையெல்லாம் இல்லை."

சொல்லிட்டுச் சாதாரணமா அடுப்படிக்குப் போயிட்டா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சுங்க. இத்தனை வருசம் அவ பின்னாடி உக்காந்து போயிருக்கேன். ஒரு நாளாவது அவளைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறனான்னு யோசிச்சுப் பாத்தேன். கை எப்பவும் வெளியேவேதான் இருந்திருக்குது.

அது கெடக்குதுங்க. இப்ப என் பிரச்சினை வேற. நேத்து ராத்திரியில இருந்து ஒரே பயமா இருக்குது தம்பி. பின்னாடி உக்காந்தப்ப எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை. லாரிக்கு நேரா கை நீட்டியிருக்கேன், பஸ்ஸுக்கு நீட்டியிருக்கேன், சிரிச்சுட்டே நீட்டியிருக்கேன். முன்னாடி உக்காரணும்னதும் என்னென்னமோ நெனப்பு ஓடுது. நான் சாஞ்சா அவளும் சாய்வாளே? அவ என்னைத்தானே புடிச்சிருப்பா? எவன் எங்கிருந்து பூந்து வருவானோ, எவன் காலை நீட்டுவானோ, எவன் எதுத்தாப்பல வருவானோ...

ஏனுங்க தம்பி, நீங்க படிச்சவரு மாதிரி தெரியறீங்க. சொல்லுங்க. இத்தனை வருசமும் அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமுங்களா?

அட, ஸ்டாப்பு வந்துருச்சே! பாருங்க, அதோ, வேப்ப மரத்துக்கு அடியில. அதுதான் கலாமணி. சென்டர் ஸ்டாண்டு போட்டு வெச்சுட்டு, இப்பவே ஏறி பின் சீட்டுல உக்காந்துட்டிருக்கா. முன் சீட்டு காலியாக் கெடக்குது பாருங்க.

சித்த வழி உடுங்க தம்பி. பஸ்ஸு நிக்கட்டும். நின்ன பொறகே எறங்கறேன்.